கொதிப்பைத் தணிக்கச் சொல்லும் உரிமை

அநியாயத்துக்கு ஆளானவர் கொதிக்கிறார். அந்தக் கொதிப்பு எதுவரை நியாயம், எங்கே எல்லை மீறுகிறது என்று தீர்மானிக்க வேண்டியவர் யார்? 1759இல் வெளியான ‘ஒழுக்க உணர்வுகளின் கோட்பாடு’ நூலில் ஆடம் ஸ்மித் சொன்ன பதில் இன்றும் நம் ஆறுதல் வார்த்தைகளுக்குள்கூட ஓடிக்கொண்டிருக்கிறது. அதனாலேயே அதை உரசிப் பார்த்தாக வேண்டும்.

ஸ்மித்துக்கு ஒழுக்கத்தின் வேர் ஒத்துணர்வு. பிறர் இடத்தில் நம்மை வைத்துப் பார்க்கிறோம். அவர் உணர்வது நமக்குள்ளும் ஓரளவு எழுகிறது. இரண்டும் பொருந்தினால் அவர் உணர்ச்சி தகும் என்கிறோம். துக்கத்தோடு பொருந்துவது எளிது. சினத்தோடு எளிதல்ல. அடிபட்டவர் ஒருபுறம், அவர் சினத்துக்கு இலக்கானவர் மறுபுறம் என்று மனம் இழுபடுகிறது. ஆகவே அடிபட்டவர்தான், பக்கச்சார்பற்ற பார்வையாளர் ஒருவர் சேர்ந்து பாடக்கூடிய சுருதிக்குத் தன் குரலை இறக்கிக்கொள்ள வேண்டும் என்கிறார் ஸ்மித். அந்த அளவில் நிற்கும் கொதிப்பை அவர் இழிவாக நினைக்கவில்லை. நீதிக்குக் காவலே அதுதான் என்றார். அவருக்கு முன்பே, 1726இல் வெளிவந்த பிரசங்கங்களில் ஆங்கிலேயப் பாதிரியார் ஜோசப் பட்லரும் மனக்கொதிப்புக்கு நியாயம் பேசியிருந்தார். ஆனால் ஒத்துணர்வையே தராசாக்கியது ஸ்மித்தின் சாதனை. கொலையுண்டவர் எதையும் உணரப்போவதில்லை என்று தெரிந்தும் அவர் இடத்தில் நின்று நாம் கொதிக்கிறோம் என்று அவர் காட்டும் பகுதி இன்றும் வலுக்குறையாதது.

இந்தத் தராசில் ஏற்றிப் பார்க்க வேண்டிய மனிதர் யூத எழுத்தாளர் ழான் அமேரி. 1912இல் வியன்னாவில் ஹான்ஸ் மாயராகப் பிறந்தவர். பெல்ஜியத்தில் நாஜி எதிர்ப்பியக்கத்தில் இருந்தபோது 1943இல் பிடிபட்டு, பிரேண்டோங்க் கோட்டையில் சித்திரவதைப்பட்டு, ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து உயிர் மீண்டவர். 1966இல் வந்த தன் கட்டுரைத் தொகுப்பின் ஒரு கட்டுரையில், கொதிப்பை விட மாட்டேன் என்று காரணங்களோடு வாதாடினார். மனக்கொதிப்பு அடிமைகளின் நோய் என்ற தத்துவஞானி நீட்சேயின் கருத்து அப்போதும் மதிப்போடு புழங்கியது. அதற்கும் அவர் நேருக்கு நேர் பதில் சொன்னார்.

அந்தக் கட்டுரையில் ஒரு காட்சி. 1958இல் விடுதியொன்றில் காலை உணவின்போது தென்ஜெர்மானிய வணிகர் ஒருவர் அமேரியிடம் பேசுகிறார். ஜெர்மானிய மக்களுக்கு யூதர்கள்மேல் இப்போது எந்த மனத்தாங்கலும் இல்லை என்று உறுதியளிக்கிறார். அரசு தாராளமாக இழப்பீடு கொடுப்பதைச் சான்றாகக் காட்டுகிறார். அந்த மேசையில் நிதானமாக, மரியாதையாக, சுருதி சுத்தமாகப் பேசியவர் வணிகர். சுருதி விலகி நின்றவர் அமேரி. தணிவுதான் அளவுகோல் என்றால் வென்றவர் வணிகரே. ஒரு கோட்பாடு இந்த முடிவுக்கு இடம் கொடுக்குமானால் அதில் எங்கோ பெரிய ஓட்டை இருக்கிறது.

ஸ்மித்தின் தரப்பில் நல்ல பதில் ஒன்று உண்டு. அவர் சொல்லும் பார்வையாளர் ஊரும் அல்ல, கூட்டமும் அல்ல. துலூஸ் நகரில் 1762இல் பொய்க் குற்றச்சாட்டின்பேரில் சக்கரத்தில் கட்டி உடைத்துக் கொல்லப்பட்டவர் ழான் காலாஸ். இரண்டு ஆண்டுகள் கழித்து அதே நகருக்குச் சென்று தங்கிய ஸ்மித், தன் நூலின் பிந்தைய பதிப்பில் அவர் கதையை எடுத்துப் பேசுகிறார். ஊரே ஒருவரைக் குற்றவாளி என்று சொன்னாலும், நெஞ்சுக்குள் இருக்கும் நீதிபதி வேறு தீர்ப்புச் சொல்ல முடியும். அந்த நீதிபதிக்கு வணிகரின் நிதானம் வெறும் வசதி என்பது தெரிந்திருக்கும். இந்தப் பதிலை முழுமையாக ஏற்கிறேன்.

ஆனால் காலம் என்று வரும்போது அது உதவவில்லை. கால் இழந்து மரக்கால் பொருத்திக்கொண்டவரை ஸ்மித் ஓரிடத்தில் உதாரணம் காட்டுகிறார். முதலில் துடிப்பார்; நாளாக நாளாகத் தன் நிலையைப் பார்வையாளர் பார்ப்பதுபோலவே பார்க்கப் பழகி அமைதி அடைவார். காலம் கடைசியில் செய்வதை விவேகி முன்கூட்டியே செய்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம். நோயில் கால் போனவருக்கு இது சரி. அந்தக் காலை ஒருவன் வேண்டுமென்றே வெட்டியிருந்தால்? புண் ஆறுவதும் குற்றம் தீர்வதும் ஒன்றாகிவிடாது. அமேரி பிடிவாதமாக நின்றது இந்த இடத்தில்தான். நாள் கடந்ததால் ஆறிப்போவது உடலின் இயல்பு, அதற்கு ஒழுக்க மதிப்பு கிடையாது என்றார். நாஜிக் கொலைக்குற்றங்களை விசாரிப்பதற்கான காலவரம்பு பற்றி மேற்கு ஜெர்மனி விவாதித்துக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. 1979இல்தான் கொலைக்கான வரம்பு அறவே நீங்கியது.

வியப்பு என்னவென்றால், அமேரிக்கான விடையும் ஸ்மித்திடமே இருக்கிறது. கொதிப்பு முதன்மையாக நாடுவது எதிராளியின் வலியை அல்ல. தான் செய்ததற்காகவே இந்த வலி என்று அவன் அறிந்து, செய்ததற்கு வருந்துவதையே அது நாடுகிறது என்று தன் நூலின் வேறொரு பகுதியில் எழுதுகிறார். அமேரியைப் படிக்கும்போது இது உயிர்பெற்று எழுகிறது. பிரேண்டோங்கில் வேகமாக வேலை செய்யாதபோதெல்லாம் மண்வெட்டிக் காம்பால் அவர் தலையில் அடித்தவன் வாய்ஸ் என்ற, நாஜிகளின் எஸ்எஸ் படைக் காவலன். பின்னால் அவன் சுடப்பட்டுச் செத்தான். துப்பாக்கிகளுக்கு முன் நின்ற அந்தக் கணத்தில், நடந்தது நடக்காமல் இருந்திருக்கக் கூடாதா என்று அவனும் தன்னைப்போலவே விரும்பியிருப்பான், அப்போது அவன் தனக்குச் சக மனிதனானான் என்கிறார் அமேரி. பழிவாங்கும் வெறியில் இப்படி எழுத வராது. அடித்தவன் அடிபட்டவரின் இடத்துக்கு வந்து சேர்கிறான். ஒத்துணர்வு என்பதன் ஆகக் கடினமான வடிவம் இது.

அமேரியின் வாதத்திலும் ஆபத்து இல்லாமல் இல்லை. தம் கொதிப்புக்குத் தாமே நீதிபதி என்று எல்லோரும் எழுந்தால், கற்பனைக் காயங்களைத் தலைமுறைகளாகப் போற்றி வளர்க்கும் கூட்டங்களும் அதே உரிமையைக் கேட்கும். ஜெர்மனியில் நாஜிகள் வளர்ந்ததிலும், முதல் உலகப் போரில் முதுகில் குத்தப்பட்டோம் என்ற அத்தகைய கற்பனைக் காயத்துக்குப் பங்கு உண்டு.

ஆகவே பார்வையாளரைத் தள்ளிவிட முடியாது. அவர் அதிகாரத்தை வெட்டிக் குறைக்கத்தான் வேண்டும். அநியாயம் நடந்ததா, எவ்வளவு பெரியது, யார் செய்தது என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. போதும், இனி தணிந்துகொள் என்று நாள் குறிக்கும் உரிமை இல்லை. ஸ்மித் இந்த இரண்டு வேலைகளையும் ஒரே ஆளிடம் கொடுத்துவிட்டார். சுருதியை மாற்ற வேண்டிய கடமை முதலில் குற்றம் செய்தவருக்கும், அவரோடு சேர்ந்து வாழ்ந்து பழகிவிட்ட சமூகத்துக்கும்தான்.