அளக்க வேண்டியது ஆளையா, வேலையையா?

புதுக்கோட்டை மாவட்டத்துச் சாலையில் ஒரு பெண் சைக்கிளில் போனால் இன்று எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. 1991-க்கு முன் நிலைமை அப்படி இல்லை. அறிவொளி இயக்கம் நடந்த அந்நாளில், மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தால் பல்லாயிரம் கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றனர். கல்குவாரியில் கல் உடைத்த பெண்களும் அவர்களில் இருந்தனர். பெண்களுக்கான சைக்கிள் கிடைக்காதபோது, குறுக்குக் கம்பி வைத்த ஆண்கள் சைக்கிளையே ஓட்டினர். “பெண்ணின் உடலுக்கு இது ஒத்துவராது” என்ற பேச்சில் உடற்கூறு எவ்வளவு, பழக்கம் எவ்வளவு என்பது சில மாதங்களில் விளங்கிவிட்டது.

அதே கேள்வியை இப்போது தீயணைப்புப் பணியைப் பற்றிக் கேட்டுப் பார்ப்போம்.

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் 2022, 2023 ஆண்டுகளில் வெளியிட்ட அறிவிப்புகளில், இரண்டாம் நிலைக் காவலர் பணிக்குப் பெண்களும் விண்ணப்பிக்கலாம் என்றிருந்தது. தீயணைப்பாளர் பணியோ ஆண்களுக்கு மட்டும். ஆனால் அதே துறையில் பெண்கள் உயர் அதிகாரிகளாகப் பணியாற்றியிருக்கிறார்கள். 2012 ஜனவரியில் சென்னை எழிலகம் வளாகத்தில் தீப்பற்றியபோது, உள்ளே சென்ற பிரியா ரவிச்சந்திரன் கடும் தீக்காயமடைந்தார். உடன் சென்ற அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். தீக்குள் செல்லும் குழுவுக்குத் தலைமை தாங்கலாம், குழாயைப் பிடிக்கும் வேலைக்கு விண்ணப்பிக்கக் கூடாது என்பது என்ன கணக்கு?

உடலியல் என்ன சொல்கிறது?

ஆண், பெண் உடல்களுக்கிடையே வேறுபாடே இல்லை என்று சொல்வது அறிவியலாகாது. சராசரியாகப் பார்த்தால், பெண்களின் கை, தோள் வலிமை ஆண்களுடையதில் பாதிக்குச் சற்று மேல். கால் வலிமை ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. தசையின் அளவே இதற்கு முதற்காரணம். இதயத்தின் அளவும் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினும் சராசரியில் குறைவாதலால், கடும் உழைப்பின்போது உடல் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனும் குறைவு.

ஆனால் சராசரி என்பது கூட்டத்தைப் பற்றிய செய்தி. உங்களைப் பற்றிய செய்தியன்று. நன்கு பயிற்சி பெற்ற ஒரு பெண், பயிற்சியற்ற பல ஆண்களைவிட வலிமையாக இருப்பதை எந்த விளையாட்டுத் திடலிலும் காணலாம். வேலைக்கு வருவது சராசரி அன்று, தனி ஆள். ஆகவே அந்த ஆளைச் சோதிப்பதே முறை.

சோதனை எப்படி இருக்க வேண்டும்?

காவலர் தேர்வையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்தில் ஓடினால் போதும். இருவரும் ஏற்கப்போவது ஒரே பதவி. பொதுவான உடல்நலத்தை அறிவதுதான் நோக்கமென்றால், இரண்டு அளவுகள் இருப்பதில் தவறில்லை. வேலையைச் செய்யும் திறனை அறிவது நோக்கமென்றால், இரண்டில் ஒன்று பிழை. 400 மீட்டர் போதுமெனில் ஆண்களை ஏன் 1,500 மீட்டர் ஓட்ட வேண்டும்? 1,500 மீட்டர் தேவையெனில் பெண்களுக்கு 400 எப்படிப் போதும்? ஆண்களின் மார்பளவு 81 செ.மீ., மூச்சிழுத்தால் 5 செ.மீ. விரிவு என்ற விதியும் அப்படியே. நீண்ட நேரம் உழைக்கும் ஆற்றலை அளவுநாடா காட்டாது.

இதே சிக்கல் கனடாவில் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் காட்டுத்தீ அணைக்கும் குழுவில் டானி மெயோரின் என்ற பெண் குறை சொல்ல முடியாதபடி பணியாற்றி வந்தார். பின்னர் புதிய உடற்தகுதித் தேர்வு வந்தது. மற்ற மூன்று சோதனைகளில் தேறினார். 2.5 கி.மீ. தூரத்தை 11 நிமிடத்தில் ஓடும் சோதனையில் மட்டும் 49 விநாடி பிந்தினார், வேலை போயிற்று. 1999 செப்டம்பரில் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அந்த ஓட்ட அளவு தீயணைக்கும் வேலைக்கு இன்றியமையாதது என்பதை அரசு மெய்ப்பிக்கவில்லை என்பதே காரணம். அளவே கூடாது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. அளவுக்கும் வேலைக்கும் உள்ள தொடர்பைக் காட்டு என்றது.

அத்தொடர்பை நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். 63 மி.மீ. உள்விட்டமும் 15 மீட்டர் நீளமும் கொண்ட ஒரு தீயணைப்புக் குழாயில் நீர் நிறைந்தால், அந்த நீரின் எடை மட்டும் ஏறத்தாழ 47 கிலோ. இதை இழுத்துச் செல்வதும், மூச்சுக் கருவியை முதுகில் சுமந்து மாடிப்படி ஏறுவதும், மயங்கிக் கிடப்பவரை வெளியே இழுத்து வருவதும்தான் வேலை. அப்படியானால் சோதனையும் அதுவாகவே இருக்கட்டும். அதே எடை, அதே படிகள், அதே நேரம் எல்லோருக்கும்.

இம்முறையில் தொடக்கத்தில் தேறும் பெண்கள் ஆண்களைவிடக் குறைவாக இருக்கலாம். அதை மறைக்க வேண்டியதில்லை. புகைக்குள் சிக்கியவருக்கு, தம்மைத் தூக்கும் கை போதிய வலிமையுடையதா என்பதே கேள்வி. பெண்ணுக்காக எடையைக் குறைப்பது அவருக்குச் செய்யும் துரோகம். தூக்கக்கூடியவளை வாசலிலேயே தடுப்பதும் அதே அளவு துரோகந்தான். சலுகை தர வேண்டிய இடம் பயிற்சியே: தேர்வுக்கு முன் சில மாதப் பயிற்சியும், தவறினால் மறு வாய்ப்பும் ஆண், பெண் இருபாலர்க்கும் கிடைக்க வேண்டும்.

மாணவ நண்பர்களே, அடுத்த முறை ஒரு வேலை அறிவிப்பைப் பார்க்கும்போது, அதிலுள்ள ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே ‘ஏன்?’ என்று எழுதிப் பாருங்கள். வேலையிலிருந்து விடை வந்தால் அந்த எண் நிற்கட்டும். பழக்கத்திலிருந்து மட்டுமே விடை வந்தால், அதை மாற்றச் சொல்லிக் கேட்பது நம் உரிமை. புதுக்கோட்டைப் பெண்கள் சைக்கிளில் ஏறிப் பார்த்த பிறகுதான் அவர்களால் முடியுமா என்பது தெரிந்தது. குழாயையும் அவர்கள் தூக்கிப் பார்க்கட்டும்.