விருந்தினர் இடும் நட்சத்திரமும் வீடு தருவோர் பிழைப்பும்

முன்பின் அறியாத ஒருவருடைய வீட்டில் பணம் கொடுத்துச் சில இரவுகள் தங்குவதும், முன்பின் அறியாத ஒருவரிடம் வீட்டுச் சாவியை ஒப்படைப்பதும், இரு தரப்பும் ஒருவரையொருவர் நம்பினாலன்றி நடவாத காரியங்கள். விற்பவருக்குத் தெரிந்த குறைகள் வாங்குபவருக்குத் தெரியாமல் போனால் நல்ல சரக்கே சந்தையை விட்டு வெளியேறிவிடக்கூடும் என்பதை, பழைய கார்களின் விற்பனையை எடுத்துக்காட்டாகக் கொண்டு அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் அகர்லோஃப் 1970-இல் விளக்கினார். ‘தகவல் சமச்சீரின்மை’ என்று பொருளியலில் வழங்கும் இந்தச் சிக்கல் குறுகிய கால வாடகை வீடுகளில் இரட்டிப்பாகிறது. வீட்டின் நிலை விருந்தினருக்குத் தெரியாததைப் போலவே விருந்தினரின் இயல்பும் வீடு தருபவருக்குத் தெரிவதில்லை. 2008-இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய ஏர்பிஎன்பி நிறுவனம் இதற்குக் கையாண்ட முக்கியமான தீர்வு, தங்கிச் சென்றவர் ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் இட்டுத் தம் கருத்தையும் எழுதிவைக்கும் முறையாகும். வருங்கால விருந்தினருக்குத் தகவல் தருவதற்காகப் பிறந்த இந்த முறை, காலப்போக்கில் வீடு தருவோரை நெறிப்படுத்தவும் தண்டிக்கவும் பயன்படும் கருவியாக மாறிவிட்டது. அதன் நிறைகுறைகளை எடைபோடுவதற்கு இந்த இரண்டு பணிகளையும் தனித்தனியே பிரித்துப் பார்ப்பது இன்றியமையாதது.

முறையின் அமைப்பு சுருக்கமானது. விருந்தினர் வீட்டைக் காலி செய்த 14 நாட்களுக்குள் ஒட்டுமொத்த மதிப்பீடு ஒன்றையும், தூய்மை, விளம்பரத்தில் கூறியவற்றின் துல்லியம், வீட்டுக்குள் நுழையும் ஏற்பாடு, தகவல் தொடர்பு, அமைவிடம், கொடுத்த பணத்துக்கான மதிப்பு என்னும் ஆறு கூறுகளுக்கான மதிப்பீடுகளையும் இடுகிறார். ஒட்டுமொத்த மதிப்பீடு இந்த ஆறின் சராசரி அன்று. அது தனியே கேட்கப்படும் தனியான தீர்ப்பு. ஓராண்டு காலத்து ஒட்டுமொத்த மதிப்பீடுகளின் சராசரி 4.8-க்குக் குறையாமல் இருப்பது, ‘சூப்பர்ஹோஸ்ட்’ எனப்படும் சிறப்புத் தகுதியைப் பெறுவதற்கான நிபந்தனைகளுள் ஒன்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்தக் கணக்கு புதிதாகப் பார்க்கப்படுகிறது. 2023-இல் ‘விருந்தினர் விருப்பம்’ என்ற பொருள்தரும் இன்னொரு முத்திரையும் சேர்ந்தது. தேடுபவரின் திரையில் எந்த வீடு முன்னே வரும், எது பல பக்கங்கள் தள்ளிப் புதையும் என்பதிலும் மதிப்பீடுகளுக்குப் பங்குண்டு.

இந்த முறை தந்த நன்மைகள் சிறியவை அல்ல. பெரிய ஓட்டல் குழுமத்தின் பெயர்ப்பலகைக்கு இருக்கும் நம்பகத்தன்மை, ஓர் அறையை மட்டும் வாடகைக்கு விடும் ஓய்வூதியருக்கோ கணவனை இழந்த பெண்ணுக்கோ கிடையாது; அந்தப் பெயர்ப்பலகையின் வேலையை விருந்தினர் கூட்டாக இட்ட மதிப்பீடு செய்கிறது. சியாட்டில் நகர உணவகங்களை ஆராய்ந்த ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் லூகா, யெல்ப் தளத்தில் ஒரு நட்சத்திரம் கூடினால் வருவாய் 5 முதல் 9 விழுக்காடு உயர்வதையும், அந்த உயர்வு தனி உணவகங்களுக்கே உரியதாய் இருப்பதையும், கிளைகள் பலவற்றைக் கொண்ட குழுமங்களுக்கு அதனால் பயனில்லாததையும் கண்டார். பெயரில்லாத சிறியவரைப் பெயருள்ள பெரியவரோடு போட்டியிட வைக்கும் ஆற்றல் மதிப்பீட்டுக்கு உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

மற்றொரு நன்மை நீதி சார்ந்தது. அமெரிக்காவின் ஐந்து நகரங்களில் ஏறத்தாழ 6,400 வீடு தருவோருக்குக் கற்பனைப் பெயர்களில் விண்ணப்பம் அனுப்பிப் பார்த்த பெஞ்சமின் எடல்மன், லூகா, டான் ஸ்விர்ஸ்கி ஆகியோர், கறுப்பினத்தவருக்குரிய பெயர் தாங்கிய விண்ணப்பங்கள் வெள்ளையருக்குரிய பெயர் தாங்கியவற்றைவிட 16 விழுக்காடு குறைவாகவே ஏற்கப்பட்டதை 2017-இல் வெளியிட்டனர். பின்னர் ரூமெங் சுய், ஜுன் லி, டென்னிஸ் ஜாங் ஆகிய மூவர் நடத்திய கள ஆய்வு, விண்ணப்பித்தவரின் பக்கத்தில் முந்தைய வீட்டுக்காரர் ஒருவரின் கருத்துரை ஒன்றே ஒன்று இருந்தாலும் அந்த இடைவெளி புள்ளியியல் நோக்கில் மறைந்துவிடுவதைக் காட்டியது. அந்தக் கருத்துரை பாராட்டாக இல்லாதபோதும் விளைவு அதுவாகவே இருந்தது. இன்ன மனிதர் என்ற செய்தி கிடைத்துவிட்டால், இன்ன இனம் என்ற ஊகத்துக்கு வேலை குறைந்துவிடுகிறது. இங்கே வேலை செய்தது எழுதப்பட்ட சொற்கள். நட்சத்திர எண்ணிக்கை அன்று. இந்த வேறுபாடு பின்னர் முக்கியமாகும்.

குறைகளுள் முதலாவது, மதிப்பீட்டின் வீக்கம். அதாவது எல்லாரும் எல்லாருக்கும் உயர்ந்த மதிப்பெண் இடுவதால் மதிப்பெண்ணின் பொருள் தேய்ந்துபோவது. பாஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜியோஸ் செர்வாஸ் தம் கூட்டாளிகளோடு 2015-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஏர்பிஎன்பி வீடுகளில் ஏறத்தாழ 95 விழுக்காடு 4.5 அல்லது 5 நட்சத்திரம் பெற்றிருந்தன, 3.5-க்குக் கீழே அநேகமாக எதுவுமே இல்லை. டிரிப்அட்வைசர் தளத்தில் ஓட்டல்கள் பெற்ற சராசரியோ 3.8. வீடு தருபவரோடு முகம் பார்த்துப் பேசி, அவர் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வந்தவர்க்கு மூன்று நட்சத்திரம் இட மனம் வருவதில்லை. மேலும் தாமும் பதிலுக்கு மதிப்பிடப்படுகிறோம் என்ற எண்ணம் அவர் பேனாவை மென்மையாக்குகிறது. இந்த அச்சத்தைப் போக்க, இரு தரப்பும் எழுதி முடித்த பிறகோ 14 நாள் கெடு கடந்த பிறகோதான் கருத்துரைகள் வெளிப்படும் என்ற மாற்றத்தை நிறுவனம் 2014-இல் செய்தது. பழிக்குப் பழியும் உபசாரத்துக்கு உபசாரமும் அதனால் குறைந்தன என்று ஆண்ட்ரே ஃப்ராட்கினும் பிறரும் நிறுவியுள்ளனர். ஆயினும் சராசரி மதிப்பீடு சிறிதளவே இறங்கியது. கூச்சத்தின் வேர் அச்சத்தில் மட்டும் இல்லை என்பதே இதிலிருந்து பெறப்படுவது.

வீக்கத்தால் விருந்தினருக்கு நேரும் இழப்பு ஓரளவே. சொற்களைக் கூர்ந்து படிப்பவர் ‘அமைவிடம் வசதியானது’ என்று மட்டும் எழுதப்பட்டிருந்தால் மற்றவை சுமார் என்று உணர்ந்துகொள்வார். பெரும்பாலான கருத்துரைகள் புகழ்ச்சியாகவே இருக்கும் இடத்தில், புகழ்ச்சியின் சூடு சற்றே குறைவதுகூடக் குறையைக் குறிக்கும் என்று ஜூடித் பிரிட்ஜஸ், கமிலா வாஸ்கஸ் ஆகிய மொழியியல் ஆய்வாளர்களும் காட்டியுள்ளனர். வீடு தருபவருக்கு நேரும் இழப்புதான் கடுமையானது. அளவுகோலின் கீழ்ப்பகுதி முழுவதும் வெறுமையாகி, 4.6-க்கும் 4.9-க்கும் இடைப்பட்ட மயிரிழையில் அவருடைய ஆண்டு வருவாய் தொங்குகிறது.

இதன் கணக்கைச் சற்றே விரித்துப் பார்க்கலாம். ஒருவர் நான்கு நட்சத்திரம் இட்டால், சராசரியை 4.8-இல் நிறுத்த நான்கு பேர் ஐந்து இட வேண்டும். மூன்று நட்சத்திரத்துக்கு ஒன்பது பேர், இரண்டுக்குப் பதினான்கு பேர், ஒன்றுக்குப் பத்தொன்பது பேர் வேண்டும். ஆண்டுக்குப் பன்னிரண்டு விருந்தினரை மட்டும் ஏற்கும் ஒற்றை அறைக்காரர் ஒரே ஓர் ஒற்றை நட்சத்திரம் பெற்றால், மீதிப் பதினொருவரும் ஐந்து இட்டாலும் அவர் சராசரி 4.67-தான், அந்த ஆண்டுக் கணக்கில் அவர் மீள வழியே இல்லை. இருபது வீடுகளை நிர்வகித்து ஆயிரம் விருந்தினரை ஏற்கும் நிறுவனத்துக்கோ, எல்லா வீடுகளின் மதிப்பீடும் ஒரே கணக்கில் சேர்வதால், அதே ஒற்றை நட்சத்திரம் கண்ணுக்கே தெரியாது. சிறிய மாதிரியில் தற்செயலின் ஆட்டம் பெரிதாக இருக்கும் என்பது புள்ளியியலின் அரிச்சுவடி. அந்த ஆட்டத்தைத் தரத்தின் ஏற்றத்தாழ்வாகக் கொண்டு முடிவெடுக்கும் முறை, எந்தச் சிறியவரை உயர்த்துவதாகச் சொல்லித் தொடங்கியதோ அவரையே முதலில் அடிக்கிறது. 2018-க்கு முன்பு, ஐந்து நட்சத்திரம் இட்டோர் 80 விழுக்காடு இருந்தால் போதும் என்ற விதி இருந்தது. பத்துப் பேரில் ஒன்பது பேர் ஐந்தும் ஒருவர் ஒன்றும் இட்டால் பழைய விதியில் தேறிவிடலாம். புதிய விதியில் சராசரி 4.6 ஆகித் தோற்க வேண்டியதுதான். நான்குக்கும் ஒன்றுக்கும் வேறுபாடு காட்டாத பழைய விதி நுட்பமற்றது என்று குறைகூறலாம். ஆனால் கோபம் கொண்ட ஒரே மனிதரின் கையில் எவ்வளவு அதிகாரம் சேரலாம் என்பதற்கு அது ஒரு வரம்பு கட்டியிருந்தது. அந்த வரம்பை எடுத்தது தவறு.

எண்ணின் பொருளைப் பற்றிய குழப்பமும் இதோடு சேர்கிறது. ஓட்டல் உலகில் ஐந்து நட்சத்திரம் என்பது நீச்சல் குளமும் பணியாளர் படையும் கொண்ட ஆடம்பரத்தின் அடையாளம். இந்தியாவில் சுற்றுலா அமைச்சகத்தின் குழு நேரில் வந்து பார்த்தே அதை வழங்குகிறது. அந்தப் பழக்கத்தோடு வரும் விருந்தினர், எளிய வீடொன்றில் முழு மனநிறைவோடு தங்கிவிட்டு, ‘நல்ல இடம்’ என்ற பாராட்டாகவே நான்கு நட்சத்திரம் இடுகிறார். அவருடைய நினைப்பில் அது வாழ்த்து. தளத்தின் கணக்கில் அது தகுதி எல்லைக்குக் கீழே தள்ளும் குத்து. நான்கு நட்சத்திரத்தின் விளைவு என்ன என்பதை அதை இடுபவருக்குத் தெளிவாக விளக்காமல், அந்த விளைவை மட்டும் வீடு தருபவர் மேல் சுமத்துவதை நியாயம் என்று கருத இயலாது. அமைவிடத்துக்கான மதிப்பீடும் இத்தகையதே: கடற்கரையிலிருந்து வீடு எவ்வளவு தொலைவு என்பதை முன்பதிவுக்கு முன்பே வரைபடம் காட்டிவிடுகிறது, வீட்டைத் தூக்கி நகர்த்தவும் முடியாது. அமைவிட மதிப்பீடு சூப்பர்ஹோஸ்ட் கணக்கில் சேர்வதில்லை என்பது உண்மைதான். ஆனால் மழை பெய்த விடுமுறையின் எரிச்சலும் பக்கத்து வீட்டுக் கட்டுமானத்தின் இரைச்சலும் ஒட்டுமொத்த மதிப்பீட்டில் கசிவதைத் தடுக்க எந்த ஏற்பாடும் இல்லை.

நட்சத்திரத்தின் ஆழமான பாதிப்பு, மதிப்பீடு இடப்படுவதற்கு முன்பே நிகழ்கிறது. வீட்டு விதியை மீறிப் பத்துப் பேரைக் கூட்டி வந்தவரிடம் கேள்வி கேட்பதா, உடைந்த மேசைக்கு ஈடு கேட்பதா என்று எண்ணும்போதே வீடு தருபவரின் மனம் வரப்போகும் எண்ணைக் கணக்கிடத் தொடங்குகிறது. சேதத்துக்கு ஈடு கோருவதற்கான கெடுவும் விருந்தினர் கருத்துரை எழுதுவதற்கான கெடுவும் ஒரே 14 நாட்களில் அமைந்திருப்பது இந்த நெருக்கடியை இறுக்குகிறது. முன்னதாகக் கோரினால் விருந்தினர் கோபத்தில் எழுதிவிடுவார், காத்திருந்தால் கோரும் உரிமையே போய்விடும். ஆகவே கடைசி நாளின் கடைசி மணிநேரம் வரை பொறுத்திருப்பவர்களும், ஈட்டையே கைவிட்டு மேசையைத் தம் செலவில் மாற்றிக்கொள்பவர்களும் உண்டு. விருந்தினர் கருத்துரையைக் காட்டி மிரட்டிச் சலுகை பெறுவது விதிப்படி குற்றமாகும். விதி மீறிய விருந்தினர் பழிவாங்க எழுதியதை நீக்கக் கோரவும் 2022-இலிருந்து வழி விரிவாக்கப்பட்டுள்ளது. ஆயினும் வாய்விட்டுச் சொல்லப்படாத மிரட்டலுக்குச் சான்று காட்ட முடியாது, அஞ்சிக் கேளாமல் விட்ட உரிமைக்கு எந்த முறையீட்டுப் படிவமும் இல்லை. எந்நேரமும் சிரித்த முகத்தோடு இருக்க வேண்டிய இந்தக் கட்டாயத்தைச் சமூகவியலாளர் ‘உணர்வு உழைப்பு’ என்பர். வாடகையில் அதற்குத் தனி விலை கிடையாது.

பாகுபாடு மதிப்பீட்டின் வழியாகவே நுழையவும் கூடும். ஊபர் ஓட்டுநர்களைப் பற்றி அலெக்ஸ் ரோசன்பிளாட்டும் பிறரும் 2017-இல் எழுதிய கட்டுரை, இனம் பார்த்து ஒருவரை வேலையிலிருந்து நீக்குவதைச் சட்டம் முதலாளிக்குத் தடுத்திருக்க, பயணிகளின் நட்சத்திரங்களைக் கூட்டி நீக்கும்போது அதே விளைவு யாருடைய பொறுப்பும் இன்றி நிகழ்ந்துவிடலாம் என்று எச்சரித்தது. வீடு தருவோருக்கும் இது முழுதும் பொருந்தும். எழுதப்பட்ட கருத்துரையில் வெறுப்பு இருந்தால் படிப்பவர் கண்டுகொள்வார், தளமும் நீக்கலாம். எண்ணுக்குள் ஒளிந்த வெறுப்பை யாரும் பிரித்தெடுக்க இயலாது.

நிறுவனத்தின் தரப்பில் ஒரு வலுவான வாதம் உண்டு. அழுக்கான வீடுகளையும் பொய்யான படங்களையும் களையெடுக்காவிட்டால் நேர்மையான வீடு தருவோரும் சேர்ந்தே பெயர் கெடுவர் என்பது அகர்லோஃபின் கூற்றோடு ஒத்துப்போகிறது. 2023-இலிருந்து தரக் குறைவுக்காக மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகளை நிறுவனம் நீக்கியதும் இந்த நோக்கத்தோடுதான். களையெடுப்பு தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால் ஓர் அளவை இலக்காக்கப்பட்டதும் நல்ல அளவையாக இருப்பதை இழந்துவிடுகிறது என்ற கருத்து, பிரிட்டிஷ் பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட் 1975-இல் முன்வைத்த கருத்தின் பெயரால் ‘குட்ஹார்ட் விதி’ என வழங்குகிறது. நட்சத்திரம் இலக்கானதும் வீடு தருவோர் அதைக் கெஞ்சிப் பெறவும், குளிர்பெட்டியில் பழமும் பானமும் வைத்து வாங்கவும் முனைகின்றனர். அப்படிப் பெற்ற எண்ணைக் கொண்டு அழுக்கு வீட்டைக் கண்டறிவது எளிதன்று. அழுக்கு, பொய், பாதுகாப்புக் குறைவு ஆகியவை குறிப்பான புகார்கள் வழியாகவும் படச் சான்று வழியாகவும் நேரடியாகவே விசாரிக்கத்தக்கவை. அவற்றை விசாரிக்கும் செலவை மிச்சப்படுத்தவே ஒட்டுமொத்த எண் தீர்ப்பாளராக அமர்த்தப்பட்டிருக்கிறது என்று முடிவுசெய்வது மிகையாகாது.

ஆகவே தகவல் தரும் பணியைச் சொற்களிடமும் கூறுவாரியான மதிப்பீடுகளிடமும் விட்டுவிட்டு, தகுதி பறிப்பதற்கும் பதிவு நீக்குவதற்கும் விசாரிக்கப்பட்ட புகார்களை மட்டுமே அடிப்படையாகக் கொள்வது முறையாகும். அதுவரையிலாவது, குறைந்த எண்ணிக்கையில் விருந்தினரை ஏற்போரின் சராசரியைப் பிழைவரம்போடு சேர்த்துக் கணக்கிடுவதும், கடைக்கோடி மதிப்பீடு ஒன்றை ஒதுக்கிவிட்டுப் பார்ப்பதும், ஈட்டுக் கெடுவைக் கருத்துரைக் கெடுவுக்கு அப்பால் நீட்டுவதும் பெரிய செலவின்றிச் செய்யக்கூடியவை.

சட்டங்கள் இந்தத் திசையில் பாதி தூரமே வந்திருக்கின்றன. 2020 ஜூலை 12 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒழுங்குமுறை ஒன்று, தளங்கள் தேடல் வரிசையைத் தீர்மானிக்கும் முதன்மைக் காரணிகளை வெளியிட வேண்டும் என்றும், தொழில்முறையில் வீடு தருவோர் போன்ற வணிகப் பயனரை முற்றிலும் நீக்குவதாக இருந்தால், சில விலக்குகள் நீங்கலாக, 30 நாள் முன்னறிவிப்போடு காரணமும் கூற வேண்டும் என்றும் விதிக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-இல் வெளியிட்ட ஐஎஸ் 19000 என்னும் தரநிலை, இணையக் கருத்துரைகளைத் திரட்டுவதற்கும் வெளியிடுவதற்கும் நெறிமுறை வகுத்தது. போலிக் கருத்துரைகளிலிருந்து நுகர்வோரைக் காப்பதே அதன் முதன்மை நோக்கம். ஒரே ஒரு நட்சத்திரத்தால் 4.8-க்குக் கீழே வழுக்கி, நீக்கப்படாமலேயே தேடல் பட்டியலின் அடியில் புதைந்துபோகும் ஒற்றை அறைக்காரரின் நிலைமைக்கு இவ்விரண்டிலும் நேரான தீர்வு இல்லை.