டாங்கிக்குப் பித்தளை நகை

கூரியரில் டேங்க் வந்திருக்கிறது என்றேன். “எத்தனை லிட்டரு?” என்று கேட்டார் அம்மா. தஞ்சாவூரில் டேங்க் என்றால் மொட்டைமாடியில் கறுப்பாக உட்கார்ந்திருப்பதுதான். எனக்கு வந்தது 27 சென்டிமீட்டர் நீளமுள்ள பிளாஸ்டிக் டாங்கி. ஜப்பானின் தாமியா நிறுவனம் 1/35 அளவில் போட்ட டி-72எம்1. நிஜ வண்டி பீரங்கிக் குழாயோடு சேர்த்து ஒன்பதரை மீட்டர். ரஷ்யக்காரன் வடிவம் என்றாலும் நமக்கு அந்நியமில்லை. உரிமம் வாங்கி ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் கட்டி, ‘அஜேயா’ என்று பெயர் வைத்து நம் ராணுவம் ஓட்டுகிற வண்டி.

ஆனால் இங்கே பேச்சு டாங்கியைப் பற்றியல்ல, கூடவே வாங்கிய பித்தளைத் தாளைப் பற்றி. உள்ளங்கை அகலத் தகட்டில் எஞ்சின் மேல்வலை, விளக்குக் காப்பு, கொக்கி, பட்டை என்று நூற்றுச் சொச்சம் உறுப்புகள். உளியோ அச்சோ படாமல், ரசாயனத்தால் அரித்து எடுத்தவை. வேண்டிய இடத்தைப் படலத்தால் மூடிவிட்டு, மீதியை ஃபெரிக் குளோரைடில் கரைய விடுவார்கள். மடிக்க வேண்டிய கோட்டில் மட்டும் பாதி ஆழத்துக்கு அரித்திருக்கும். செக் நாட்டின் எட்வார்ட், போலந்தின் ஆபர், சீனாவின் வாயேஜர் ஆகியவை இதில் பேர்போனவை.

இத்தனை பாடு எதற்கு என்றால், கணக்குதான். பிளாஸ்டிக் விளக்குக் காப்பு ஒரு மில்லிமீட்டர் தடிமன் இருந்தால் நிஜத்தில் அது மூன்றரை சென்டிமீட்டர். விளக்கைக் காக்க அவ்வளவு கனத்தில் எவன் இரும்பு போடுவான்? பித்தளை 0.15 மில்லிமீட்டர். 35ஆல் பெருக்கினால் ஐந்து மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். கண் உடனே ஒப்புக்கொள்கிறது.

கை அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்ளவில்லை. முதல் விளக்குக் காப்பை மடித்தேன், கோணம் தப்பியது, நிமிர்த்தி மறுபடி மடித்தேன், ஒடிந்தது. அரித்த கோடு மடிப்பின் உட்பக்கம் இருக்க வேண்டும், ஒரே மடிப்பில் முடிய வேண்டும். குறிப்புத்தாளில் படம் இருந்தது, சொல் இல்லை.

தெற்கு வீதிப் பக்கம் எனக்குத் தெரிந்த பத்தர் ஒருவர். தகட்டை வாங்கிக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “வளைக்கிறதுக்கு மட்டும் சூடு காட்டுங்க தம்பி. நேரா நிக்க வேண்டியதுக்குக் காட்டிடாதீங்க, துவண்டு போயிரும்.” அவ்வளவுதான் பாடம். எரிபொருள் பீப்பாயைச் சுற்றும் பட்டையைச் சாமணத்தில் பிடித்து கேஸ் அடுப்பில் ஒரு கணம், நிறம் மாறும் வரை காட்டினேன். விட்டால் உருகிவிடும். ஆறியதும் பென்சிலைச் சுற்றி நூல்போல வளைந்தது.

அரித்த உறுப்புக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. எல்லாமே தட்டை. தஞ்சாவூர்க் கலைத்தட்டு செய்கிறவர்கள் தகட்டைத் தட்டி உருவத்தைப் புடைக்க வைக்கிறார்கள் அல்லவா, அதன் ஏழை வடிவம் ஒன்றை நானும் செய்தேன். பழைய ரப்பர் செருப்பின் மேல் உறுப்பை வைத்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் பின்பக்கம் அழுத்தினேன். குமிழ் எழும்பியது. இருநூறு ரூபாய்க் கருவி எதுவும் தேவைப்படவில்லை.

ஒட்டுவதுதான் டெல்டாவில் தனிக்கதை. சூப்பர் க்ளூ காற்றிலுள்ள ஈரத்தால்தான் இறுகுகிறது. நான் வேலை செய்தது ஐப்பசி அடைமழையில். உறுப்பை நேராக வைப்பதற்குள் பசை பிடித்துக்கொள்கிறது, சுற்றிலும் வெள்ளைப் புகை படிந்தது போல் பூக்கிறது. ஊசிமுனையால் தொட்டு வைத்தால் பூப்பது குறைகிறது. பளு தாங்க வேண்டிய மூட்டுக்கு ஈயப்பற்று வைப்பதே உத்தமம். உறுப்பை டாங்கியில் ஒட்டுவதற்கு முன்பே பற்றை வைத்துவிட வேண்டும், இல்லையென்றால் பிளாஸ்டிக் இளகிவிடும்.

பெயின்ட் பித்தளையில் லேசில் பிடிக்காது. குத்துவிளக்குக்குச் செய்வதைத்தான் செய்தேன். புளித்தண்ணீரில் ஊறவைத்து, சோப்புப் போட்டுக் கழுவி, காயவைத்து, உலோகத்துக்கான பிரைமர் ஒரு பூச்சு. நகத்தால் சுரண்டியும் வரவில்லை.

டாங்கியின் விலையில் பாதிக்கு மேல் இந்தத் தாளுக்கே போயிற்று. எஞ்சின் வலைக்கும் விளக்குக் காப்புக்கும் கொடுத்த காசு தகும். கைப்பிடிகள் வீண், நிஜத்தில் அவை உருண்டைக் கம்பி, தட்டைப் பித்தளை அங்கே பொய் சொல்கிறது. பழைய ஒயரை உரித்தால் வரும் செம்புக்கம்பி போதும். அரிசிமணியில் பாதிகூட இல்லாத கொக்கிகளை அனுபவசாலிகளுக்கு விட்டுவிடலாம். முதல்முறை வாங்குகிறவர்கள் வலை மட்டும் உள்ள சின்னத் தாளாகப் பார்த்து வாங்குங்கள். தாளிலிருந்து உறுப்புகளை வெட்ட உட்காரும் முன் மின்விசிறியை நிறுத்துங்கள். என் கொக்கிகளில் மூன்று இன்னும் கூடத்தில் எங்கேயோதான் கிடக்கின்றன.