பேட்டரியில் வேகும் சோறு

கேம்பர்வேனுக்குச் சமையல் சாமான் வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது பெட்டியில் அச்சிட்டிருக்கும் வாட் எண்ணைத்தான். அது பாதிக் கணக்கு. மிக்ஸி 750 வாட், ரைஸ் குக்கர் 700 வாட். ஆனால் தேங்காய்ச் சட்னி அரைக்க மிக்ஸிக்கு மூன்று நிமிடம் போதும். முழு வேகத்தில் சுற்றினாலும் 40 வாட்-மணி தாண்டாது. குக்கர் 25 நிமிடம் எரிந்தால் 290 வாட்-மணி போய்விடும்.

கையிருப்பு எவ்வளவு? 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒன்றில் 1,280 வாட்-மணி இருக்கும். விளக்கு, மின்விசிறி, ஃபிரிட்ஜ், செல்போன் எல்லாம் அதில்தான் பங்கு கேட்கும்.

இந்த வண்டிக்குள் இண்டக்‌ஷன் அடுப்பு வந்தால் என்ன ஆகும்? 1,800 வாட்டில் வைத்தால், இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்து, பேட்டரியிலிருந்து 160 ஆம்பியர் இழுக்கும். இந்த அளவு பேட்டரிகள் பலவற்றில் உள்ளிருக்கும் காவல் சுற்று தொடர்ந்து 100 ஆம்பியருக்கு மேல் விடாது. பால் பொங்குவதற்குள் வண்டியே இருட்டாகிவிடும். ‘300 வாட்டில் வைத்துக்கொள்ளலாமே’ என்றால் அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. விலை குறைந்த அடுப்புகள் பல, குறைந்த அளவில் நிதானமாக எரிவதில்லை. சில நொடி பலமாக எரியும், அணையும், மறுபடி எரியும். இன்வெர்ட்டர் தாங்க வேண்டியது அந்தப் பலமான வீச்சை.

மைக்ரோவேவிலும் இதே ஏமாற்று. ‘700 வாட்’ என்பது உணவுக்குப் போகும் சூடு. பிளக்கில் இழுப்பது 1,100 வாட் வரை.

சிகரெட் லைட்டர் துளையில் செருகும் 12 வோல்ட் கெட்டில் கடையில் பார்க்க அழகாக இருக்கும். அந்தத் துளை தருவதோ 120 வாட் சொச்சம். அரை லிட்டர் தண்ணீர் கொதிக்க அரை மணி நேரம் ஆகலாம். அதற்குள் டீ குடிக்கும் ஆசையே போய்விடும்.

ஆக, மின்சாரத்தில் சமைப்பதென்றால் முதல் இடம் சாதாரண ரைஸ் குக்கருக்குத்தான். 700 வாட் குக்கர் 60 ஆம்பியர் சொச்சம் இழுக்கும். 1,000 வாட் சுத்த சைன் அலை இன்வெர்ட்டர் சிரமமில்லாமல் தாங்கும். (சதுர அலை இன்வெர்ட்டரில் மிக்ஸி போட்டால் மோட்டார் முனகும், சூடேறும்.) ஒரு வேளைச் சோற்றுக்குப் பேட்டரியில் கால் பங்கு தீரும். அதுவும் அதிகம் என்றால் கேரளத்துச் சூடாறாப்பெட்டி இருக்கிறது. நம் கடைகளில் தெர்மல் குக்கர் என்று கேட்டால் கிடைக்கும். அரிசியைத் தண்ணீரோடு சில நிமிடம் கொதிக்கவிட்டு உள்ளே வைத்து மூடினால், மீதியை அடங்கிய சூடே வேகவைத்துவிடும். மூடியபின் துளி மின்சாரமும் கேட்காத இந்தப் பாத்திரத்தை வேன்காரர்கள் பலர் ஏன் கண்டுகொள்வதில்லை என்பது புதிர்தான்.

பருப்புக்கு இது ஒத்துவராது, அதுவும் மலையில். 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு லேசில் குழையாது. மூன்று லிட்டர் பிரஷர் குக்கரும் ஒற்றை பர்னர் கேஸ் அடுப்பும் அங்கேதான் தங்கள் மதிப்பைக் காட்டும். ஐந்து கிலோ சிலிண்டரில் இருக்கும் ஆற்றல் ஏறக்குறைய 64 யூனிட். அடுப்பைச் சுற்றிப் பாதி வீணானாலும், மேலே சொன்ன பேட்டரிகள் 25 சேர்ந்தால்தான் அதற்கு ஈடாகும். ஆனால் கசியும் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையில் தேங்கும். சிலிண்டர் வைக்கும் பெட்டியின் அடியில் வெளிப்பக்கம் துளை வேண்டும். சமைக்கும்போது ஜன்னலும் திறந்திருக்க வேண்டும்.

மழைக்காலத்தில் கூரைச் சோலாரை நம்பிச் சோறு வடிக்க முடியாது. ஓடும் எஞ்சினிலிருந்து பேட்டரிக்கு ஏற்றும் 30 ஆம்பியர் சார்ஜர் இருந்தால், ஒரு மணி நேர ஓட்டத்தில் குக்கர் தின்றது திரும்பிவிடும்.