மறுபடியும் ஆடிப்பெருக்கு

எங்கள் வீட்டுப் 'பொன்னியின் செல்வன்' கடையில் வாங்கியதல்ல. 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் வாராவாரம் வந்த அத்தியாயங்களைப் பாட்டி கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்தது. முதுகுத் துணி நைந்துவிட்டது. மணியம் வரைந்த படங்களின் ஓரம் பழுப்பேறி, தொட்டால் உதிர்கிறது.

முதல் முறை படித்தபோது வந்தியத்தேவனின் குதிரையோடு நானும் ஓடினேன். அடுத்து என்ன என்கிற தவிப்பில் பாதி வரிகளைத் தாண்டிப் போனேன். முடிவு தெரிந்த பிறகுதான் நிதானம் வந்தது. கோயிலுக்குப் பூத்தொடுக்கும் சேந்தன் அமுதன் முதல் பாகத்திலேயே வந்துவிடுகிறான். ஐந்தாம் பாகத்தில் மணிமுடி யார் தலையில் ஏறுகிறது என்று அறிந்தவர்களுக்கு, அவன் கட்டும் அந்த எளிய மாலையே நெஞ்சை அடைக்கும்.

இருபது வயதில் குந்தவையை வியந்தேன். இப்போது செம்பியன் மாதேவி வரும் பக்கங்களில் நின்றுவிடுகிறேன். மகனுக்கு அரியணை வேண்டாம் என்று உறுதியாக நிற்கும் தாயின் வேதனை, நானும் தாயான பிறகே புரிந்தது.

கதை தொடங்குவது ஆடிப்பெருக்கன்று, வீராணம் ஏரிக்கரையில். ஆண்டுதோறும் அன்று சித்திரான்னம் செய்து முடித்ததும், கையைத் துடைத்துக்கொண்டு முதல் பக்கத்தைப் பிரிக்கிறேன். வீராணம் ஏரி மறுபடியும் நிரம்பித் ததும்புகிறது.