போரின் நிழலில் மறையும் பணியிடம்: உழைக்கும் பெண்ணின் உளத்துயரும் நமது வாசிப்பும்

முன்னுரை

புலம்பெயர்ந்த தமிழ்ப் பெண்ணின் உளத்துயர் குறித்து நாம் நிறையவே எழுதியும் பேசியும் வந்துள்ளோம். போர், இழப்பு, தனிமை, மொழியறியாமை, குடும்ப வன்முறை ஆகியன அதற்குக் காரணங்களாகச் சுட்டப்படுகின்றன. அவள் நாள்தோறும் சென்று உழைக்கும் இடம் மட்டும் இவ்வரிசையில் அரிதாகவே சேர்கிறது. இக்குறை படைப்புகளில் மட்டும் உள்ளதன்று. அவற்றை வாசிக்கும் நம்மிடமும் உள்ளது என்பதே இக்கட்டுரையின் கருத்து. புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ (1935), வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ (2010), ழாக் ஓடியாரின் ‘தீபன்’ (2015) ஆகிய மூன்று பனுவல்கள் இங்கு நோக்கப்படுகின்றன.

லா சப்பலில் ஒரு மொழிபெயர்ப்பு

பாரிசின் 10ஆம், 18ஆம் வட்டாரங்கள் கூடுமிடத்தில் அமைந்த லா சப்பலை ஆய்வாளர் பெரும்பாலும் கடைகளாலும், ஆண்டுதோறும் நிகழும் பிள்ளையார் தேர்த் திருவிழாவாலும் அறிவர். வீதியில் கண்ணுக்குத் தெரியும் தொழில் அதுவே. அலுவலகங்கள் திறக்குமுன் அவற்றைத் துப்புரவு செய்து முடிப்பதும், விடுதி அறைகளை ஒழுங்குபடுத்துவதும், முதியோரைப் பராமரிப்பதும் வீதியில் தெரிவதில்லை. நம் பெண்கள் பலருடைய உழைப்பு அங்கேதான் நிகழ்கிறது.

பல்லாண்டுகளுக்கு முன், அப்பகுதியில் வாழ்ந்த ஒரு பெண்மணிக்காக மருத்துவர் ஒருவரிடம் மொழிபெயர்ப்பாளனாகச் சென்றிருந்தேன். உறக்கமின்மை, நெஞ்சுப் படபடப்பு, காரணமற்ற அழுகை என்பன அவருடைய முறைப்பாடுகள். மகப்பேற்று விடுப்பு முடிந்து திரும்பியபின் தம் வேலைநேரம் இரண்டாகப் பிரிக்கப்பட்டதையும், அதிகாலையில் ஓரிடமும் இரவில் வேறோரிடமுமாகத் தாம் அனுப்பப்படுவதையும், ‘பிள்ளை வேண்டுமென்றால் வீட்டில் இரு’ என்று மேற்பார்வையாளர் பலர்முன் சொன்னதையும் அவர் நீளமாகக் கூறினார். இடையில் ஒரே ஒருமுறை, போரில் இறந்த தம் தமையனைக் குறிப்பிட்டார். மருத்துவர் காரணம் கேட்டபோது நான் முதலில் சொன்ன சொல் ‘போர்’. மருத்துவர் அதையே எழுதிக்கொண்டார். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அந்தப் பெண்மணி மறுவாரமும் அதே இரு இடங்களுக்கு வேலைக்குச் சென்றார். நான் பொய் சொல்லவில்லை. ஆயினும் அவர் சொன்னதை நான் மொழிபெயர்க்கவும் இல்லை. பின்னர் இலக்கிய ஆய்வரங்குகளிலும் இதே பிழை நிகழ்வதைக் கண்டேன்.

மூன்று பனுவல்கள்

‘மணிக்கொடி’யில் வெளிவந்த ‘துன்பக்கேணி’ நமக்கு நல்ல தொடக்கமாக அமைகிறது. கணவன் சிறைப்பட்டபின் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குச் செல்லும் மருதியின் சீரழிவுக்கு விதியையோ அவளது மனத்தின் மென்மையையோ புதுமைப்பித்தன் காரணமாக்கவில்லை. ஆள்கட்டும் முறை, தோட்டத்தின் அதிகார அடுக்கு, பெண்ணுடலின்மேல் மேலிருந்தோர் கொண்டாடும் உரிமை ஆகியவற்றைப் படிப்படியாகக் காட்டுகிறார். மருதியின் நோய்க்கு ஓர் இடமும் ஒரு முறைமையும் பொறுப்பாகின்றன. பணியிடத்தைக் காரணமாக்கிப் பேசும் மரபு தமிழில் இல்லாத ஒன்றன்று.

சென்னை ரங்கநாதன் தெருவின் துணிக்கடை ஊழியரைப் பற்றிய ‘அங்காடித் தெரு’வில் அந்த மரபு தொடர்கிறது, எனினும் அங்கே ஒரு திருப்பம் நிகழ்கிறது. மேற்பார்வையாளனின் அத்துமீறலைப் பொறுத்துக்கொண்டதைக் கனி சொல்லும் காட்சி, வேலையைக் காத்துக்கொள்ளப் பெண் கொடுக்கும் விலையை மறைவின்றிக் காட்டுகிறது. அதே கடையில் வேறொரு பணிப்பெண் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். வேலை பறிபோகும் அச்சத்தில் காதலன் அவளை மறுத்ததே உடனடிக் காரணம். அந்த அச்சத்தை உண்டாக்கிய பணியிடத்தை விட்டுவிட்டு, அம்மரணத்தைக் காதல் தோல்வியென்று கடந்துவிடுவது எளிது. 2021இல் தமிழ்நாட்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டுப் பணியாளர்க்கு இருக்கை வசதி கட்டாயமாக்கப்பட்டது. அமர்வதற்கே ஒரு சட்டம் வேண்டியிருந்த இடத்தில், மனம் நொறுங்குவதற்குக் காதல் மட்டுமே காரணமென்று நிறைவடைதல் தகுமா?

கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருது பெற்ற ‘தீபன்’ நமக்கு இன்னும் நெருங்கியது. பாரிசின் புறநகர்க் குடியிருப்பொன்றில் யாழினி ஒரு முதியவருக்குச் சமைத்து, வீட்டைத் துப்புரவு செய்கிறாள். அவ்வீடு போதைப்பொருள் கும்பலின் புழங்கிடமாகவும் இருக்கிறது. மொழி முழுதும் பிடிபடாத நிலையில், ஆயுதம் வைத்திருப்போரிடையே அவள் செய்யும் வேலை தெளிவாகவே ஆபத்தான பணியிடம். ஆனால் இறுதிப் பகுதியில் அந்த ஆபத்து அவளுடையதாக நீடிப்பதில்லை. அவளை மீட்கப் படியேறும் தீபன் மீண்டும் போராளியாகிறான். அவளது பணியிடம் அவனது போர்க்களமாகிறது. அதன்பின் வருவது இங்கிலாந்தில் அமைதியான குடும்பக் காட்சி. அவ்வீட்டில் அவள் அடைந்த அச்சம் என்னவாயிற்று என்பதற்கு விடையில்லை. திரைப்படத்தின் இந்த முடிவு பற்றி நிகழ்ந்த விவாதங்களில் மையப்பொருளாக இருந்ததும் பெரும்பாலும் தீபனின் வன்முறையே, யாழினியின் வேலையன்று.

சொல்லும் சட்டமும்

போரின் வடு பொய்யென்பது என் வாதமன்று. 2009ஐக் கடந்து வந்த எவரும் அவ்வாறு சொல்லத் துணியார். ஆனால் போரைக் காரணமாக்கும்போது துயர் கடந்த காலத்துக்குரியதாகிறது. இன்று பொறுப்பேற்க வேண்டியவர் எவரும் இல்லாமற் போகின்றனர். பணியிடத்தைக் காரணமாக்கினால், முறையிட ஒரு மன்றம் உண்டு.

பிரான்சில் 2002 சனவரி 17ஆம் நாள் சட்டம் ‘அர்செல்மான் மொரால்’ என்பதைத் தொழிற்சட்டத் தொகுப்பில் சேர்த்தது. மீண்டும் மீண்டும் இழைக்கப்படும் செயல்களால் பணிநிலை சீர்கெட்டு, ஒருவரின் கண்ணியத்துக்கோ உடல், உள நலத்துக்கோ தொழில் எதிர்காலத்துக்கோ ஊறு நேரக்கூடுமாயின் இச்சட்டம் பொருந்தும். அச்செயல்களின் நோக்கம் மட்டுமன்றி விளைவும் கணக்கில் கொள்ளப்படும். நான் மேலே கூறிய பெண்மணியின் சொற்கள் இவ்வரையறையோடு ஏறத்தாழ வரிக்குவரி பொருந்துவன.

இத்தொடரை ‘ஒழுக்கத் துன்புறுத்தல்’ என்று தமிழாக்கக் கேட்டிருக்கிறேன். இங்கே ‘மொரால்’ குறிப்பது உள்ளத்தை, ஒழுக்கத்தை அன்று. இப்பெயர்ப்பைக் கேட்கும் தமிழ்ப் பெண், தம் ஒழுக்கமே விசாரணைக்கு வருகிறதென அஞ்சி வாய்மூடுவது இயல்பு. ‘பணியிட உளவதை’ என்பது பொருத்தமான ஆக்கமாக எனக்குப் படுகிறது. பிழையான ஒரு சொல் உரிமையின் வாயிலை அடைத்துவிடும்.

வேறு வகையாகப் பேசவும் முடியும். இதே நகரின் 17ஆம் வட்டாரத்தில் இபிஸ் பத்திஞோல் விடுதியின் துப்புரவுப் பணியாளர்கள், பெரும்பாலும் ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்கள், 2019 சூலையில் தொடங்கிய போராட்டத்தை 2021 மே வரை, 22 மாதங்கள் நடத்தினர். தம் உடல்வலியையும் சோர்வையும் அவர்கள் தனிப்பட்ட நோயாக முன்வைக்கவில்லை. ஒரு மணிநேரத்தில் எத்தனை அறைகள் என்ற கணக்காக முன்வைத்தனர். பணிவேகம் குறைந்தது, ஊதியம் உயர்ந்தது. விடுதியே தம்மை நேரடியாகப் பணியமர்த்த வேண்டுமென்ற கோரிக்கை மட்டும் நிறைவேறவில்லை. அவர்களுள் ஒருவரான ரஷேல் கேக்கே 2022இல் பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்குத் தெரிவானார்.

முடிவுரை

மருதியின் துயருக்குத் தோட்டத்தைப் பொறுப்பாக்கிய மொழி நம்முடையது. ரங்கநாதன் தெருவில் அத்துயர் காதலின் பெயரால் மங்கியது. பாரிசில் போரின் பெயரால் மறைந்தது. புலம்பெயர் பனுவல்களில் ஒரு பெண் துயருறும்போது, அவள் எந்நாட்டிலிருந்து வந்தாள் என்று கேட்கும் நாம், எத்தனை மணிக்கு வேலைக்குச் சென்றாள், யாருக்குக் கீழ் உழைத்தாள், என்ன ஊதியம் பெற்றாள் என்றும் கேட்டாக வேண்டும். அன்று அந்த மருத்துவரின் அறையில் நான் மொழிபெயர்த்திருக்க வேண்டியவை இவற்றின் விடைகளையே. அவற்றை அந்தப் பெண்மணி என்னிடம் முன்னரே சொல்லியிருந்தார்.