வெள்ளியில் சம்பாதித்த பெயர்

1870களின் தொடக்கத்தில் பட்டை தீட்டாத கற்கள் ஒரு பை நிறைய நியூயார்க் வந்து சேர்ந்தன. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் வைர வயல் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக இரண்டு பேர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சான்பிரான்சிஸ்கோ பணக்காரர்கள் அதில் முதல் போடக் காத்திருந்தார்கள். கல்லைப் பார்த்து மதிப்புச் சொல்ல நாட்டிலேயே தகுதியான ஆள் என்று எல்லாரும் நம்பியவர் சார்ல்ஸ் லூயி டிஃபனி. அவர் ஒன்றரை லட்சம் டாலர் என்று மதிப்புப் போட்டார். 1872இல் கிளாரன்ஸ் கிங் என்ற நிலவியலாளர் அந்த இடத்துக்கே போய்த் தோண்டிப் பார்த்தார். எறும்புப் புற்றுகளில்கூட யாரோ கல்லைச் செருகி வைத்திருந்தது தெரிந்தது. லண்டனில் மலிவாக வாங்கி வந்து தூவிய சரக்கு. டிஃபனி கடையில் வெட்டிய வைரத்தை விற்றுப் பழக்கம் இருந்ததே தவிர, வெட்டாத கல்லைக் கையாண்ட அனுபவம் கிடையாது.

அந்த நேரத்தில் அமெரிக்கப் பத்திரிகைகள் அவரை 'வைர மன்னர்' என்று எழுதத் தொடங்கி இருபது ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. பெயருக்கும் தகுதிக்கும் நடுவே இருந்த இந்த இடைவெளிதான் டிஃபனி அண்ட் கோ நிறுவனத்தை எடைபோடுவதற்கான முதல் தராசுக்கல். உலகம் அதை வைரக் கடையாக அறிகிறது. அதன் வரலாற்றைக் கொஞ்சம் பொறுமையாகப் படித்தால், அந்தப் பெயருக்கு நியாயமான உரிமை வெள்ளியில்தான் கிடைத்தது என்று தோன்றுகிறது.

தொடக்கம் எளியது. 1837 செப்டம்பரில் பிராட்வே 259ஆம் எண் கட்டடத்தில் டிஃபனியும் நண்பர் ஜான் யங்கும் கடை போட்டார்கள். முதல், டிஃபனியின் தந்தை கொடுத்த 1000 டாலர். முதல் நாள் விற்பனை 4 டாலர் 98 சென்ட். எழுதுபொருள், விசிறி, சீனச் சாமான் என்று கையில் அகப்பட்டதை விற்றார்கள். 1840களில் போலிக் கல் நகையும் விற்றார்கள். ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதம்: ஒவ்வொரு பொருளிலும் விலைச்சீட்டு இருக்கும், பேரம் கிடையாது. செய்கூலியிலும் சேதாரத்திலும் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்டே பழகிய நமக்கு அது கொஞ்சம் திமிராகப் படலாம். கடைக்காரரின் சொல்லே விலை, அதை நம்பினால் வாங்கு என்ற அந்தத் தோரணைதான் பின்னால் பெரிய மூலதனமானது.

1848இல் பாரிஸில் புரட்சி வெடித்து வைரத்தின் விலை சரிந்தபோது யங் அங்கே இருந்தார். ஓடிப்போகும் பிரபுக்களின் நகைகளை வாங்கிக் குவித்தார். 'வைர மன்னர்' பட்டம் அதனால் வந்தது. 1858இல் அட்லாண்டிக் கடலடித் தந்திக் கம்பி போட்டு மீந்ததை டிஃபனி மொத்தமாக வாங்கி, நான்கு அங்குலத் துண்டுகளாக வெட்டி, துண்டு 50 சென்ட் என்று விற்றார். 1863இல் பார்னமின் காட்சிகளில் புகழ்பெற்ற குள்ள மனிதர் டாம் தம்புக்குக் கல்யாணம். அதற்குச் செய்த வெள்ளிக் குதிரைவண்டியைக் கடையின் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கூட்டம் சேர்த்தார். 1887இல் பிரெஞ்சுக் குடியரசு அரச நகைகளை ஏலம் விட்டபோது 69 தொகுதிகளில் 24ஐ எடுத்தார். எல்லாம் சாமர்த்தியம், நேரம் பார்த்து அடித்த அடி. பட்டறையின் கை இவற்றில் மிகக் குறைவு.

வெள்ளிக் கதை வேறு. 1851இல் ஜான் மூர் என்ற வெள்ளி வேலைக்காரருடன் டிஃபனி ஒப்பந்தம் செய்தார்: மூர் பட்டறையின் சரக்கு டிஃபனிக்கு மட்டும். அதோடு ஆயிரத்துக்கு 925 பங்கு சுத்த வெள்ளி என்ற ஸ்டெர்லிங் தரத்தையும் ஏற்றார்கள். அமெரிக்காவில் இதை முதலில் கைக்கொண்டது தாங்களே, நாட்டின் தரமே தங்களைப் பார்த்துத்தான் அமைந்தது என்பது நிறுவனம் விரும்பிச் சொல்லும் பெருமை. இதில் பாதியைத் தள்ளிவிடலாம். இங்கிலாந்தில் அந்தத் தரம் 1300ஆம் ஆண்டு முதலே சட்டம். அமெரிக்கத் தட்டார்கள் நாணய வெள்ளியான 900ஐ வைத்து வேலை செய்துவந்த ஊரில், ஆங்கில முத்திரைக்கு இருந்த மவுசைக் கணக்குப் பண்ணி எடுத்த முடிவு இது. போட்டி நிறுவனமான கோர்ஹாம் 1868இல்தான் அதே தரத்துக்கு வந்தது. அமெரிக்க அரசு முத்திரைச் சட்டம் போட்டது 1906இல். ஆகவே, பெரிய கடைகளில் முந்திக்கொண்டது என்பது வரை சரி.

ஆனால் இதற்குள் இன்னொரு செய்தி இருக்கிறது, அது நிறுவனத்தின் பெருமைப் பட்டியலில் வராதது. இங்கிலாந்தில் வெள்ளியை மூன்றாம் ஆள் உரைத்துப் பார்த்து முத்திரை குத்துவார். செய்தவன் சொல்லுக்கு மதிப்பில்லை. இப்போது நம் ஊர் ஹால்மார்க் மையங்கள் செய்வதும் அதுவே. அன்றைய அமெரிக்காவில் அப்படி உரைத்துப் பார்க்கும் நிலையம் கிடையாது. பொருளின் அடியில் டிஃபனி என்று பொறித்திருந்தால் அதுவே சான்று. கடையே தனக்குத் தானே உரைகல். கண்டிப்பான விமர்சகர் இதைக் குறையாக எழுதுவார். எழுத வேண்டியதுதான். ஆனால் அந்தச் சட்டமின்மையில்தான் டிஃபனியின் மிகச் சிறந்த கலையும் முளைத்தது.

அதைச் செய்தவர் ஜான் மூரின் மகன் எட்வர்ட் மூர். 1868இல் மூர் பட்டறையை டிஃபனி முழுதாகத் தன்னோடு சேர்த்துக்கொண்டது; வெள்ளிப் பகுதி முழுவதும் எட்வர்டின் கையில் வந்தது. இவர் ஜப்பானியக் கூடைகள், இஸ்லாமியக் கண்ணாடிகள், பித்தளைச் செம்புகள், மட்பாண்டங்கள் என்று சேர்த்துக்கொண்டே இருந்தார். பட்டறையில் பயிலும் பையன்கள் அவற்றைப் பார்த்து வரைய வேண்டும். கிறிஸ்டபர் டிரெஸ்ஸர் என்ற ஆங்கில வடிவமைப்பாளர் 1876-77இல் ஜப்பான் போனபோது டிஃபனிக்காகவும் பொருள் சேர்த்து வந்தார். அதே 1876இல்தான் ஜப்பானிய அரசு பொது இடங்களில் வாள் அணிவதைத் தடை செய்தது. வாளுக்குப் பிடியும் காப்பும் செய்து பிழைத்த உலோகக் கைவினைஞர்கள் வெளிநாட்டுச் சந்தைக்குப் பூச்சாடி செய்யத் திரும்பினார்கள். அந்த நுட்பங்களைப் பார்த்து மூரின் ஆட்கள் கற்றார்கள்.

1870களின் இறுதியில் வந்த கூஜாக்களையும் தட்டுகளையும் பாருங்கள். படத்தில் பார்த்தாலும் போதும். அதுவரை ஐரோப்பிய வெள்ளியில் சுத்தியல் தழும்பு தெரிந்தால் வேலை முடியவில்லை என்று பொருள்; தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்குவார்கள். மூர் தழும்பை விட்டுவைத்தார். ஒளி ஒரே இடத்தில் அடிக்காமல் மேற்பரப்பெங்கும் சிதறுகிறது, தண்ணீர்மேல் வெயில் விழுகிற மாதிரி. அந்தப் பரப்பில் செம்பிலும் பொன்னிலும் கருங்கலவை உலோகத்திலும் மீன், தும்பி, சுரைக்கொடி. எல்லாம் ஓரமாக ஒதுங்கி நிற்கும், நடுவில் பெரிய வெற்றிடம். வேறு வேறு உலோகங்களை வெள்ளியின் வளைந்த உடலில் பற்றவைப்பது லேசான காரியம் இல்லை. சூட்டில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு விரியும்.

இதை இங்கிலாந்தில் செய்திருக்க முடியாது. ஸ்டெர்லிங் முத்திரை வேண்டுமானால் வெள்ளியோடு செம்பைச் சேர்க்கக் கூடாது என்பது அங்கே விதி. அமெரிக்காவில் கேட்க ஆளில்லை. உரைத்துப் பார்க்க ஆளில்லாத ஊரில் கடையின் சொல்லும் தடித்தது, பட்டறையின் கையும் விரிந்தது. 1878 பாரிஸ் கண்காட்சியில் வெள்ளிப் பொருளுக்கு உயர்ந்த பரிசை டிஃபனி வாங்கியது.

இது ஜப்பானியப் போலிதானே என்று கேட்கலாம். ஒரு பகுதி அப்படித்தான், மறுப்பதற்கில்லை. சில உருப்படிகளில் ஜப்பானியப் படப் புத்தகத்திலிருந்து அப்படியே இறங்கிய தும்பியைக் காணலாம். ஆனால் உள்ளங்கை அகலமுள்ள வாள் காப்பில் இருந்த நுட்பத்தை, மேசைமேல் வைத்துத் தண்ணீர் ஊற்றும் கூஜாவுக்கு இடம் மாற்றியபோது அளவும் பயனும் கண்ணோட்டமும் மாறின. கடன் வாங்கியதை வட்டியோடு திருப்பியவர் மூர்.

இதே பட்டறை அலுப்பூட்டும் பொருள்களையும் செய்தது. நெவாடா சுரங்கத்தில் பணக்காரரான ஜான் மக்கே, தன் சுரங்கத்து வெள்ளியே சுமார் அரை டன் அனுப்பி, ஏறக்குறைய 1250 உருப்படிகள் கொண்ட விருந்துத் தொகுதி ஒன்றைச் செய்யச் சொன்னார். 1878இல் முடிந்தது. விரல் வைக்க இடமில்லாமல் பூ. நகாசு வேலையின் திறமையைக் கண்டு வாய் பிளக்கலாம். பத்து நிமிடம் பார்த்தால் கண் சோர்ந்துபோகும். கவிஞர் பிரையண்டுக்குப் பரிசளித்த புகழ்பெற்ற ஜாடியும் எனக்கு அந்த வகையில்தான் சேர்கிறது: கவிஞரின் வாழ்க்கை முழுவதையும் பதக்கம் பதக்கமாக ஒட்டிய வெள்ளிச் சுவரொட்டி. வாங்குபவர் யார் என்பதைப் பொறுத்து மூர் உயர்ந்தார், தாழ்ந்தார். 1891இல் அவர் இறந்தபோது, சேர்த்துவைத்த 2000க்கும் மேற்பட்ட கலைப்பொருள்கள் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குப் போயின. அதுவரை டிஃபனி வெள்ளியின் அடியில் 'எம்' என்ற எழுத்தையும் பொறிப்பார்கள், மூருக்காக. சேகரிப்பாளர்கள் இன்றும் முதலில் பொருளைத் தலைகீழாகத் திருப்பி அதைத்தான் தேடுகிறார்கள்.

என் தீர்ப்புக்கு எதிரான வலுவான சாட்சிகள் இரண்டு பேர். ஒருவர் ஜார்ஜ் குன்ஸ். மோசடி நடந்து ஏழு ஆண்டு கழித்து, 1879இல், இருபத்து மூன்று வயதில் வேலைக்குச் சேர்ந்த கல் நிபுணர். டிஃபனிக்குக் கல்லைப் பற்றிய அறிவு வந்தது இவரோடு. வைரம், கெம்பு, நீலம் என்று அரண்மனை வரிசையிலேயே நின்றுவிடாமல் மொன்டானா நீலக்கல், மெய்ன் மாநிலத்து டூர்மலின், ஆற்றுச் சிப்பி முத்து என்று உள்நாட்டுக் கற்களுக்கு மதிப்பு உண்டாக்கினார். இன்னொருவர் பால்டிங் ஃபார்ன்ஹாம். 1889 பாரிஸ் கண்காட்சிக்கு அவர் எனாமலில் செய்த ஆர்க்கிட் மலர்கள் நகைக்கலையில் முதல் வரிசை. ஆக, கல் நகையில் டிஃபனிக்கு ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. இருவரும் வேலை செய்த அந்த இருபது முப்பது ஆண்டுகளைத் தனியாக வரவு வைக்கவேண்டும்.

ஆனால் உலகம் நினைவில் வைத்திருப்பது அவர்களையா? கிம்பர்லி சுரங்கத்தில் 1877இல் கிடைத்த 287.42 காரட் மஞ்சள் வைரத்தைத்தான். பாரிஸில் வெட்டி 128.54 காரட்டாக்கி, 82 பட்டை தீட்டினார்கள். அதை நகை என்பதைவிட விளம்பரப் பலகை என்பது பொருந்தும். ஒன்றரை நூற்றாண்டில் அதை அணிந்த பெண்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். 2021இல் பியான்சே அதை அணிந்து விளம்பரத்தில் வந்தபோது, காலனியாட்சித் தென்னாப்பிரிக்கச் சுரங்கத்தில் யாருடைய உழைப்பில் அந்தக் கல் மேலே வந்தது என்ற கேள்வி எழுந்தது. நூறாண்டுக்கு மேல் தாமதமான கேள்வி.

பிறகு 1886இல் வந்த ஆறு கொக்கி மோதிரம். கல்லை உலோகத்துக்குள் புதைக்காமல் மேலே தூக்கி நிறுத்தி, அடியிலிருந்தும் ஒளி புக விடுவது. கல்லைத் திறந்து பதிப்பது ஏற்கனவே தெரிந்த முறைதான். டிஃபனி அதைச் சுத்தமான ஒரே வடிவமாக்கித் தன் பெயரைச் சூட்டியது. அதனால் என்ன நடந்தது? கல்யாண மோதிரம் என்றாலே அந்த வடிவம் என்றானது. 'டிஃபனி' மோதிரம் என்று எழுதி விற்ற காஸ்ட்கோமீது 2013இல் நிறுவனம் வழக்குப் போட்டது. கீழ் நீதிமன்றம் இரண்டு கோடி டாலருக்கு மேல் இழப்பீடு விதித்தது. 2020இல் மேல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது: அந்தச் சொல் ஒரு கடையின் பெயரா, ஒரு பதிப்பு முறையின் பொதுப் பெயரா என்பதை ஜூரிதான் முடிவு செய்யவேண்டும் என்றது. மறு ஆண்டு இரு தரப்பும் சமரசமாகப் போய்விட்டார்கள். கேள்வி விடை இல்லாமலே நின்றுவிட்டது. அதில் டிஃபனிக்கு நிம்மதி என்றே நினைக்கிறேன்.

இருபதாம் நூற்றாண்டில் வேகமாக நடக்கலாம். வண்ணக் கண்ணாடி விளக்குகள் மகன் லூயி டிஃபனியின் தனி நிறுவனத்துச் சரக்கு. அவற்றில் பலவற்றின் வடிவம் கிளாரா டிரிஸ்கால் என்ற பெண்ணுடையது. கடையின் கணக்கில் அவற்றை எழுதக் கூடாது. 1961இல் டிஃபனியின் பெயரையே தலைப்பில் தாங்கி, ஆட்ரி ஹெப்பர்ன் நடித்த படம் வந்தது. கடையின் நீலப் பெட்டியின் புகழுக்கு அதற்கு மேல் விளம்பரம் தேவைப்படவில்லை. 1956இல் சேர்ந்த ஷ்லும்பெர்ஜே நல்ல கலைஞர், ஆனால் பெயரோடு வந்தவர். எல்சா பெரெட்டிதான் கணக்கை மாற்றினார். 1974 முதல் எலும்பு, அவரைக்கொட்டை, திறந்த இதயம் என்று மொழுமொழுவென்ற வடிவங்களை அவர் வெள்ளியில் செய்தார். நடுத்தர வருமானப் பெண் தன் சம்பளத்தில் தானே வாங்கிக்கொள்ளும் நல்ல நகை. மூருக்குப் பிறகு வெள்ளியைக் குறித்து டிஃபனி புதிதாக யோசித்தது அப்போதுதான்.

யோசனை சந்தையாகிச் சந்தை வெள்ளமானது. 1990களின் இறுதியில் பள்ளிப் பெண்கள் இதயச் சீட்டுத் தொங்கும் வெள்ளிக் காப்புக்கு வரிசையில் நின்றார்கள். பழைய வாடிக்கையாளர் முகம் சுளிப்பார் என்று பயந்து, கூட்டத்தைக் குறைக்கவே நிறுவனம் வெள்ளி விலையை ஏற்றியது. சரக்கு அதிகம் விற்கிறதே என்று கவலைப்பட்ட கடையை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

2021 ஜனவரியில் பிரெஞ்சு நிறுவனமான எல்விஎம்எச் 15.8 பில்லியன் டாலருக்கு டிஃபனியை வாங்கி முடித்தது. 2023இல் ஃபிஃப்த் அவென்யூ கடையைப் புதுப்பித்துத் திறந்தபோது, உள்ளே பாஸ்கியா ஓவியம் ஒன்று தொங்கியது. அதன் நீலம் டிஃபனி நீலத்துக்குச் செய்த மரியாதையாக இருக்கலாம் என்று முதலாளிகள் தரப்பில் முன்பே பேசியிருந்தார்கள். ஓவியரை நேரில் அறிந்தவர்கள் சிரிக்கவில்லை, கோபப்பட்டார்கள். கடையின் கவனம் இப்போது விலையுயர்ந்த கல் நகைமேல் இருக்கிறது. வெள்ளி பின்வரிசைக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

எனவே, 1851 முதல் 1891 வரையிலான டிஃபனி உலகின் மிகச் சிறந்த வெள்ளிப் பட்டறைகளில் ஒன்று. குன்ஸ், ஃபார்ன்ஹாம் காலத்தில் நல்ல நகைக்கடை. பெரெட்டியோடு ஒரு குறுகிய மறுவரவு. மற்ற ஆண்டுகளில் மிகத் திறமையான வியாபாரம். புதிய முதலாளிகள் போட்டியை அமைத்திருப்பது பாரிஸ் நகைக்கடைகளான கார்ட்டியேயும் வான் கிளீஃபும் தலைமுறைகளாக வேரூன்றிய களத்தில். பாரிஸ்காரர்களை பாரிஸிலேயே டிஃபனி தோற்கடித்தது ஒரு துறையில்தான், அந்தத் துறையின் பொருள்களுக்கு இன்றைய கடையில் ஒதுக்கியிருக்கும் இடம் எவ்வளவு என்று போய்ப் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளலாம்.